முதுகுப் பக்கம்: அஞ்சல்தலைப் பசையும் எச்சிலின் அரசியலும்

1

அஞ்சல்தலையைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை அநேகமாக எல்லாமே அதன் முன்பக்கத்தைப் பற்றியவை. யாருடைய தலையை அரசு அச்சிட்டது, யாருடையதை அச்சிடாமல் விட்டது, எந்த ஆண்டில், எந்த மொழி எழுத்தில், எவ்வளவு விலையில் என்பதே பேச்சு. இந்த வாசிப்பு தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். திருவள்ளுவரும் பாரதியும் 1960-ல், அம்பேத்கர் 1966-ல், பெரியார் 1978-ல், இரட்டைமலை சீனிவாசன் 2000-ல், அயோத்திதாசர் 2005-ல் என்று வெறுமனே வரிசைப்படுத்தினாலே போதும். இந்திய அரசு யாரை எப்போது தன்னுடைய ஆளாகச் சொல்லிக்கொள்ளத் துணிந்தது என்கிற கதை தானாக வந்து விழுந்துவிடும். 'ஒரு பைசாத் தமிழன்' 1907-ல் தொடங்கியது. அதை நடத்தியவருக்கு ஓர் அஞ்சல்தலை கிடைக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

ஆனால் இப்படி வாசிக்கும்போது நாம் அரசு காட்டிய பக்கத்தை மட்டுமே வாசிக்கிறோம். அது காட்டுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட பக்கம். நம் மொழியும் இதற்கு உடந்தை. இந்தச் சீட்டுக்கு 'தபால்தலை' என்று பெயர் வைத்தோம். தலைக்குப் பெயர் இருக்கிறது, முதுகுக்குப் பெயர் இல்லை. ஒட்டுவதும், சுமப்பதும், நாக்குப் படுவதும் முதுகுதான். உழைக்கிற பக்கத்துக்குப் பெயரில்லாமல் போவது நமக்குப் புதிய செய்தி அல்ல.

இக்கட்டுரை அந்த முதுகைப் பற்றியது. திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரைக் கேட்டதும் தபால் அனுப்புவதோடு முடிச்சுப் போட வேண்டாம். அனுப்பர் என்பது ஒரு சமூகத்தின் பெயர். எங்கள் ஊர் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போனது. அஞ்சல்தலைப் பசைக்கும் பாத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எச்சில்தான் சம்பந்தம். அதற்குப் பிறகு வருகிறேன்.

2

முதலில் பசையின் பூர்வீகம்.

ரோலண்ட் ஹில் 1837-ல் பிரிட்டிஷ் தபால் முறையைச் சீர்திருத்தச் சொல்லி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதுவரை கடிதம் பெறுகிறவர் காசு கொடுப்பதே பெருவழக்கம். தூரத்துக்குத் தகுந்த கட்டணம். இனி அனுப்புகிறவரே முன்கூட்டிச் செலுத்தட்டும், நாடு முழுக்க ஒரே கட்டணம் இருக்கட்டும் என்றார் ஹில். இதற்கு அவர் பெரிதாக நம்பியது முத்திரை அச்சிட்ட உறைகளையும் தாள்களையும்தான். பின்னால் பசை தடவிய துண்டுச் சீட்டு என்ற யோசனை அவருக்கு ஒரு சில்லறைச் சிக்கலைத் தீர்க்க வந்தது. முத்திரை இல்லாத கடிதத்தோடு ஒருவர் தபாலாபீசுக்கு வந்துவிடுகிறார். அவருக்கு எழுதத் தெரியாது. முத்திரை உறை வாங்கினாலும் அதன் மேல் முகவரியைத் திரும்ப எழுத முடியாது. அவர் என்ன செய்வார்? ஒரு சின்னச் சீட்டை ஈரப்படுத்தி ஒட்டிக்கொள்ளட்டும். ஆக, அஞ்சல்தலைப் பசை எழுத்தறியாதவரை மனதில் வைத்துப் பிறந்தது. 1840 மே மாதம் இரண்டும் சேர்ந்து வெளியாயின. மல்ரெடி என்ற ஓவியர் வரைந்த அலங்கார உறையை மக்கள் கேலி செய்தே ஒழித்தார்கள். எழுதத் தெரியாதவருக்கென்று யோசித்த துண்டுச் சீட்டு உலகத்தைப் பிடித்தது. எழுத்தின் வரலாற்றில் எழுத்தறியாதவர் செய்த குறுக்கீடு என்றே இதைப் படிக்கிறேன்.

அந்த முதல் 'பென்னி பிளாக்' தாளின் ஓரத்தில், பின்பக்கத்தை நனைக்கும்போது பசை போய்விடாமல் பார்த்துக்கொள்ளும்படி அரசே எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. பசைக்கு அது கொடுத்த பெயர் சிமெண்ட். உருளைக்கிழங்கு மாவு, கோதுமை மாவு, வேலம்பிசின் எல்லாம் அந்தப் பசையில் சேர்ந்தன என்கிறார்கள். பிற்பாடு அந்த இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது டெக்ஸ்ட்ரின். மாவை ஈரமில்லாமல் வறுத்தால் அதன் நீண்ட சங்கிலிகள் அறுபட்டுச் சின்னச் சின்னதாகும். அப்புறம் பச்சைத் தண்ணீரிலேயே கரையும், காய்ந்தால் பிடிக்கும், மறுபடி ஈரம் பட்டால் மறுபடி பிசுபிசுக்கும். நாக்கு ஒருமுறை பட்டால் போதும் என்கிற தன்மை இதனால் வந்தது.

இதற்கு 'பிரிட்டிஷ் கோந்து' என்று இன்னொரு பெயர். 1821-ல் டப்ளின் பக்கத்தில் ஒரு ஜவுளி ஆலை தீப்பற்றியது, அங்கிருந்த மாவு கருகி, அணைக்க ஊற்றிய தண்ணீரில் பிசினாகக் கிடந்தது, அதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அந்தக் கோந்தின் முதல் பெரிய வேலை துணியில்தான். சாயம் பரவாமல் கெட்டியாக நிற்க அச்சுத் துணிக்காரர்கள் அதைப் பயன்படுத்தினார்கள்.

இந்தப் பிராந்தியத்துக்காரர்களுக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை. பனியன் பின்னுவதற்குக் கஞ்சி வேண்டாம். பல்லடம், சோமனூர் விசைத்தறிக்குப் போகிற பாவுக்கு வேண்டும். சைசிங் போடாத நூல் தறியில் நிற்காது. சேலம், நாமக்கல் பக்கத்துக் குச்சிக்கிழங்கு சேகோ ஆலைகளில் ஸ்டார்ச் மாவாகி ஜவுளி ஆலைக்கும் போகிறது, கோந்து தயாரிப்புக்கும் போகிறது. சுவரொட்டி ஒட்டிய தோழர்களுக்கு இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம் உண்டு. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டு, வாளியில் எடுத்துக்கொண்டு ராத்திரி கிளம்புகிறோமே, அதன் மூலப்பொருளும் மாவுதான். அரசு தன் தலையை ஒட்டுவதும் நாம் அரசுக்கு எதிராகச் சுவரில் ஒட்டுவதும் ஒரே சாதிப் பசையால்.

3

இனி எச்சில்.

இந்தியாவில் 1854-ல் நாடு தழுவிய அஞ்சல்தலை வந்தது. தூரக் கணக்கு ஒழிந்து எடைக் கணக்கு வந்தது. கால் தோலா எடைக்குள் இருந்தால் அரையணா. சில சுதேச சமஸ்தானங்கள் தங்கள் அஞ்சல்தலைகளைப் பசையே தடவாமல் வெளியிட்டன. வாங்குகிறவர் தன் கையில் இருக்கிற கோந்தையோ சோற்றையோ வைத்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பசை தடவி வந்த சீட்டு ஒன்றைக் கேட்டது: நாக்கு.

எச்சில் என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். எஞ்சுதல், எச்சம், எச்சில் எல்லாம் ஒரே வேர். உமிழ்நீருக்கும் தின்று மீந்ததற்கும் ஒரே பெயர் வைத்த சமூகம் இது. யாருடைய மீதியை யார் தின்னலாம், யாருடைய உதடு பட்ட பாத்திரத்தில் யார் குடிக்கலாம் என்பதைக் கொண்டே யார் மேல், யார் கீழ் என்று அளந்த சமூகம். அண்ணாந்து குடிக்கச் சொல்லிக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கிறோம். சுத்தம் என்கிறோம். சுத்தம், தீட்டு என்ற எதிர்வு உடம்பின் துவாரங்களைச் சுற்றித்தான் காவல் நிற்கும் என்று மேரி டக்ளஸ் 1966-ல் எழுதிய நூலைப் படித்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கொங்கு நாட்டு டீக்கடை பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் தெரிந்துவிடும். இரட்டை டம்ளருக்கு எதிராக இங்கே எத்தனை போராட்டம் நடந்தது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி டம்ளர் போய்ப் பிளாஸ்டிக் கப் வந்து, காகிதக் கப் வந்து, தீண்டாமை 'யூஸ் அண்ட் த்ரோ' ஆயிற்று. 2018-ல்கூட அவிநாசி வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில், தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியார் பிரச்சினை செய்தார்கள்.

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் தட்டி, ராவி, பாலீஷ் போட்டு எடுக்கிற சொம்பும் டம்ளரும் உலோகத்தாலானவை மட்டுமல்ல. அவற்றின் விளிம்பில் சாதி உட்கார்ந்திருக்கிறது. விளிம்பில் உதடு படலாமா கூடாதா என்பதே கேள்வி. பசையில் நாக்குப் பட்டே ஆக வேண்டும் என்கிற ஒரு பொருள் இதே சமூகத்துக்குள் நுழைந்தபோது என்ன நடந்தது? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததுதான் ஆய்வுக்குரியது. யாரோ ஒருவர் நக்கி ஒட்டிய தலை, யாரோ ஒருவர் நக்கி மூடிய உறை, அக்கிரகாரத்துக்கும் போயிற்று, சேரிக்கும் போயிற்று. பிரித்தவர் கை கழுவியதாகத் தெரியவில்லை. 1966-க்குப் பிறகு அம்பேத்கரின் முதுகை எத்தனை ஆதிக்க சாதி நாக்குகள் தொட்டிருக்கும்! காய்ந்த எச்சில் கண்ணுக்குத் தெரிவதில்லை, கூடவே அரசின் முத்திரை அதன் மேல் விழுந்துவிடுகிறது. அரசு தொட்டதைத் தீட்டு என்று சொன்னால் மணியார்டர் எப்படி வாங்குவது?

நாக்கைப் பற்றி அரசுகளும் கவலைப்படவில்லை. அவற்றின் கவலை முன்பக்கத்தோடு சரி. இரு சிசிலிகளின் அரசர் இரண்டாம் பெர்டினாண்டின் தலையோடு 1859-ல் சிசிலியில் அஞ்சல்தலை வெளியிட்டபோது, முத்திரை குத்தினால் அரசரின் முகம் கெட்டுவிடுமே என்று முகத்தைச் சுற்றி மட்டும் விழும்படி ஒரு சட்டம் போன்ற முத்திரையைத் தயாரித்தார்கள். முதுகில் குடிமக்கள் எச்சில் துப்புவதைப் பற்றி யாருக்கும் கேள்வி எழவில்லை. அதிகாரம் தன் முகத்தைத்தான் காக்கும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். நம் ஊரில் யார் நாக்கில் வைத்து ஒட்டினார்கள்? தபாலாபீஸ் மேசையில் ஈரப்பஞ்சு இருந்தது, கோந்து டப்பா இருந்தது, மழைக்காலத்தில் ஸ்டாம்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பசை போய்விடும், அதனால் கோந்துதான் கதி. சரிதான். பசை சாதியை ஒழித்தது என்று நானும் சொல்லவில்லை. தபாலாபீசே அக்கிரகாரத்துக்குள் இருந்து, தலித்துகள் அந்தத் தெருவில் நடக்கவே முடியாது என்ற நிலை சென்னை மாகாணத்தில் இருந்தது. பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றில் எல்லாரும் நுழையலாம் என்று 1924-ல் சட்டமன்றத்தில் தீர்மானமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தில் முன்னின்ற இரட்டைமலை சீனிவாசன் பிற்பாடு ஸ்டாம்பாகித் தபாலாபீசுக்குள் போனார். எச்சில் தடையில்லாமல் போன இடத்துக்குக் கால் போக முடியவில்லை. நவீனத்துவம் இந்தியாவுக்குள் வந்த விதத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

4

இப்போது சேகரிப்பவருக்கு வருவோம்.

எங்கள் பக்கத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் பல வருஷமாக ஸ்டாம்பு சேர்க்கிறார். ஆல்பத்தைக் காட்டும்போது சாமணத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "விரல் படக்கூடாதுங்க தம்பி. பொறத்தால பசை அப்புடியே முழுசா இருக்குது பாருங்க. அதுக்குத்தான் வெலையே."

"ஒட்டறதுக்குத்தானுங்கண்ணா பசை?"

"ஒட்டுனா அப்பறம் அதுல என்னங்க இருக்குது?"

இது அவருடைய சொந்தக் கருத்து அல்ல. உலகச் சந்தையின் கருத்து. ஒரே அஞ்சல்தலை, ஒரே படம், ஒரே நிறம். முதுகில் பசை குலையாமல், ஆல்பத்தில் பொருத்துவதற்கான 'ஹிஞ்ச்' தாள்கூட ஒருமுறையும் ஒட்டப்படாமல் இருந்தால் ஒரு விலை. பசை போயிருந்தால் வேறு விலை. பழைய தலைகளில் வித்தியாசம் பல மடங்கு. கண்ணாடித்தாளுக்குள் வைத்துப் பார்க்கும்போது தெரியவே தெரியாத ஒரு பக்கத்துக்கு இவ்வளவு காசு. அதனால் ஏமாற்றும் வந்தது. பசை போன பழைய தலைகளுக்குப் புதிதாகப் பசை தடவிக் கன்னி கழியாதது என்று விற்கிறார்கள். துளைப் பற்களின் நுனியில் பசை வழிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துச் சோதித்துக் கண்டுபிடிக்கிறார்கள். இந்தத் துறையின் மொழியைக் கவனியுங்கள். தீண்டப்படாதது, குலையாதது, மாசற்றது. பெண்ணுடம்பைப் பற்றியும் கோயில் கருவறையைப் பற்றியும் நாம் பேசுகிற மொழி.

எங்கள் ஊரில் இதற்கு நேரான இன்னொன்று சீர்ப் பாத்திரம். பேர் வெட்டி, தேதி வெட்டி, கல்யாணத்துக்கு வரிசையாக அடுக்கி வைத்துக் காட்டிய அண்டாவும் குடமும் அப்புறம் அட்டாலிக்குப் போய்விடும். அடுப்பில் ஏறாது, அதில் ஒரு உலை கொதிக்காது. கரி படாமல் இருப்பதே அதன் பெருமை. அதற்குக் கூலி வாங்கிய தொழிலாளி தன் வீட்டில் அலுமினியப் போசியில் சமைப்பார். பயன்மதிப்பு, பரிவர்த்தனை மதிப்பு என்று மார்க்ஸ் பிரித்துக் காட்டியதற்கு அட்டாலியைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பித்தளையை என்றைக்கும் எடைக்குப் போடலாம், உருக்கினாலும் காசு. நக்கப்படாத பசையை எடைக்குப் போட முடியாது. அது முழுக்க முழுக்க நம்பிக்கையில் நிற்கிற விலை. புனிதம் எப்போதும் அப்படித்தான் நிற்கிறது.

1948-ல் காந்திக்கு வெளியிட்ட பத்து ரூபாய் அஞ்சல்தலையில் 'சர்வீஸ்' என்று மேலச்சிட்டுக் கவர்னர் ஜெனரல் அலுவலக உபயோகத்துக்கென்று கொஞ்சம் ஒதுக்கினார்கள். சில மட்டுமே இப்போது மிஞ்சியிருக்கின்றன. காந்தியின் அந்த பத்து ரூபாய்த் தலை நான்கு சேர்ந்த துண்டு 2017-ல் ஐந்து லட்சம் பவுனுக்கு லண்டனில் விலைபோயிற்று. அஞ்சலட்டையில் எழுதிய மனிதர் அவர்.

எல்லாச் சேகரிப்பாளரும் இப்படி என்று சொன்னால் அநியாயம். வால்டர் பெஞ்சமின் 1928-ல் வெளியான 'ஒருவழிப் பாதை'யில் ஸ்டாம்புக் கடையைப் பற்றி எழுதும்போது, முத்திரை விழுந்த தலைகளை மட்டும் தேடுகிறவர்களைத் தனியாகக் குறிப்பிடுகிறார். முத்திரையை அவர் அஞ்சல்தலையின் இரவுப் பக்கமாகப் பார்த்தார். உபயோகித்த உறையை முழுசாகச் சேர்த்து, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை நாளில் போனது என்று படிக்கிற அஞ்சல் வரலாற்றுக்காரர்கள் உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் நமக்குப் பல வரலாறுகள் கிடைத்திருக்காது. நான் எதிர்ப்பது சேர்ப்பதை அல்ல. வாழ்க்கை படாததே உயர்ந்தது என்கிற அளவுகோலை.

5

திருப்பூருக்கு இந்த அளவுகோல் என்ன செய்தது என்று பார்க்கலாம்.

1932 ஜனவரி 10-ஆம் தேதி போலீஸ் தடியடியில் கையில் கொடியோடு விழுந்து மறுநாள் செத்துப்போனார் குமரன். சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். நூற்றாண்டையொட்டி 2004-ல் அவருக்கு அஞ்சல்தலை வந்தது. எத்தனை பனியன் கம்பெனித் தொழிலாளி அதை உறையில் ஒட்டி ஊருக்கு எழுதினார்? நினைவு அஞ்சல்தலைகள் குறைந்த எண்ணிக்கையில் அச்சாகின்றன, பெரும்பாலும் சேகரிப்பாளர் கவுண்டருக்குப் போகின்றன, முதல்நாள் உறையாகி ஆல்பத்தில் படுத்துவிடுகின்றன. கொடியை விடாத கையைக் கொண்டாடுகிற சீட்டை எந்தக் கையும் தொடவில்லை. 2011-ல் டெல்லி அஞ்சல்தலைக் கண்காட்சியில் காந்திக்குக் கதர்த் துணியிலேயே ஒரு தலை வெளியிட்டார்கள். விலை நூறு ரூபாய். உடுத்துவதற்கென்று, அந்நியத் துணியை ஒழிப்பதற்கென்று வந்த கதர், ஒருகாலத்தில் இதே திருப்பூரில் மூட்டை மூட்டையாக நூலாகவும் துணியாகவும் கைமாறிய கதர், கடைசியில் எந்தக் கடிதத்திலும் ஒட்டத் தேவையில்லாத ஒரு சதுரத் துண்டாயிற்று.

போராட்டத்தை அரசு இப்படித்தான் ஏற்றுக்கொள்ளும். தலையை அச்சிட்டுக் கொடுக்கும். முதுகு உழைக்க வேண்டிய அவசியமில்லாமல் பார்த்துக்கொள்ளும்.

பசைக்கு விசுவாசம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈரத்தில் ஒட்டுகிற மாவு ஆவியிலும் பிரியும். நெருக்கடி நிலைக் காலத்தில் (1975-77) பிரித்து ஒட்டப்பட்ட கடிதங்களைப் பற்றி மூத்த தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தபாலை இடைமறிக்க 1898 சட்டம் கொடுத்த அதிகாரத்தை 2023-ன் அஞ்சல் அலுவலகச் சட்டமும் வைத்துக்கொண்டிருக்கிறது. நாம் நக்கி மூடியதை அவர்கள் கஞ்சி போட்டு மூடுவார்கள். முன்பக்கத்தில் தலை கொஞ்சமும் அசைந்திருக்காது.

6

சிற்றிதழ்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நம்முடைய மொத்த மரபும் இந்தப் பசையில் ஒட்டிக்கொண்டு வந்தது. சந்தாதாரர் முகவரியைக் கையால் எழுதி, காகிதப் பட்டி சுற்றி, 'புக் போஸ்ட்' என்று மேலே கிறுக்கி, வட்டமாக உட்கார்ந்து ஸ்டாம்பு ஒட்டிய ராத்திரிகளில்தான் தமிழில் அமைப்பியலும் தலித்தியமும் பெண்ணியமும் ஊர் ஊராகப் போயின. ஒட்டியவர்களில் என்ன சாதி இருந்தது, என்ன கட்சி இருந்தது என்று வாங்கியவர் பார்க்கவில்லை. ஒரே இதழில் எழுத முடியாது என்று சண்டை போட்டவர்களின் எச்சில் ஒரே மூட்டையில் போயிற்று. இன்று அந்த ஏற்பாடு கழன்று வருகிறது. பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரோடு முடிந்தது. பதிவுத் தபாலை 2025-ல் விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள். உறையில் இப்போது பட்டைக்கோடு போட்ட ஸ்டிக்கர் உட்காருகிறது. தானே ஒட்டிக்கொள்ளும், தண்ணீரும் வேண்டாம், நாக்கும் வேண்டாம். சியரா லியோன் 1964-லேயே தானொட்டி அஞ்சல்தலை வெளியிட்டது. 1974-ல் அமெரிக்கா செய்து பார்த்ததில் பசையே தலையை அரித்துக் கறையாக்கியது. அப்புறம் தொழில்நுட்பம் தேறிக்கொண்டது. இதற்காக ஒப்பாரி வைக்கச் சொல்லவில்லை. வசதி வசதிதான்.

ஆனால் அந்த மரபு போன பிறகு அதை எப்படிச் சேகரிக்கப் போகிறோம் என்பது கேள்வி. ஏற்கெனவே பழைய சிற்றிதழ்கள் சந்தைப் பொருளாகிவிட்டன. முதல் இதழ், மடிப்பு விழாதது, பெயர் எழுதாதது, தபால் பட்டி இல்லாதது என்றால் விலை அதிகம். பட்டறைக்காரரின் அளவுகோல் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஓரத்தில் பென்சிலால் திட்டி எழுதிய பிரதி, டீ கொட்டிய பிரதி, ஐந்து பேர் கைமாறி அட்டை போன பிரதி மலிவு. எனக்கு அந்தப் பிரதிதான் வேண்டும். யார் படித்தார்கள், எங்கே மறுத்தார்கள், எந்த ஊருக்கு எந்தத் தேதியில் போயிற்று என்பதெல்லாம் அந்த அழுக்கில்தான் இருக்கிறது. வாசகர் எச்சில் படாத பிரதி அட்டாலியில் இருக்கிற அண்டா.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்களிடம் பழைய இதழ்களின் உறைகளும் தபால் பட்டிகளும் இருந்தால் ஸ்டாம்பை மட்டும் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து எடுத்துவிடாதீர்கள். முகவரி, முத்திரை, கசங்கல், திரும்பி வந்ததற்கான குறிப்பு எல்லாவற்றோடும் அப்படியே வைத்திருங்கள். நம் இதழ்கள் யாருக்குப் போய்ச் சேர்ந்தன, எந்தத் தெருவுக்குப் போகவே இல்லை என்று ஒருநாள் கணக்குப் பார்க்க வேண்டும். சேரி முகவரிகள் அதில் எத்தனை என்று எண்ண வேண்டும். அந்தக் கணக்கு நமக்குச் சாதகமாக இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. அதனாலேயே அதைச் சீக்கிரம் பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.